நீலமாக எரிய வேண்டியது

ஆனி மழை அருமனையில் நின்று பெய்கிறது.
மேல்புறம் தாண்டும்போதே சட்டை நனைந்துவிட்டது.
பையில் ஸ்பேனர், பழைய பல்துலக்கி,
கசிவு பார்க்கச் சோப்புத் தண்ணீர்க் குப்பி.

போனில் சொன்னது இவ்வளவுதான்:
"சுவரு கறுக்குது. வந்து ஒண்ணு பாத்துட்டுப் போங்க."

றோஸ்லெட் அக்கா மாடிக்குக் கூட்டிப்போனார்.
வெள்ளை டைல்ஸ். ஹீட்டரின் தலைக்கு மேலே
யாரோ கண்மை தீட்டிப் பாதியில் எழுந்துபோனதுபோல
ஒரு கறுப்பு வளைவு.
"சனிக்கிழமை தேய்க்கேன்.
ஞாயிறு கோயிலுக்குப் போயிட்டு வந்தா மறுபடி நிக்குது."
தொட்டேன். கைரேகை முழுக்கக் கரி.

தலைவலி உண்டா, கேட்டேன்.
"எனக்கு சைனஸு. மாத்திரை தந்திருக்கு.
மவளுக்கு, குளிச்சு வந்தா ஓங்கரிப்பு.
காலைல பட்டினி கிடக்கா, அதாக்கும்."
பிறகு குழாயைப் பார்த்துக்கொண்டு:
"போன வாரம் உள்ளயே இருந்துட்டா.
தட்டினா, வாறேண்ணு சொல்ல நாக்கு குழறுது.
ரத்தம் குறவு."

எல்லாவற்றுக்கும் ஒரு பெயர் வைத்திருந்தார்கள்.

விளக்கை அணைத்து, சூடுதண்ணீர் திறந்தேன்.
சின்னக் கண்ணாடிக்குள் தீ எழுந்தது. மஞ்சள்.
நீலமாக எரிய வேண்டியது,
காற்று தா, காற்று தா என்று
வாய் பிளந்து ஆடியது.

மேலே வென்டிலேட்டர்.
ரப்பர் மரத்துக்கு மழைக்காப்பாய்ச் சுற்றும் அதே பிளாஸ்டிக்,
அதே தார் தேய்த்து, நான்கு பக்கமும் இறுக்கி.
"சாரல் அடிக்குது. கொசு வேற."

இந்த வீட்டுக்குப் பின்னால் புகைப்புரை இருக்கிறது.
ஷீட்டுகள் தொங்க, விறகு கனலும்.
கதவைத் திறந்துவிட்டு, இருமி, கண் துடைத்து
அவரே எத்தனையோ முறை வெளியே ஓடி வந்திருப்பார்.
அந்தப் புகைக்கு நிறம் உண்டு, வாடை உண்டு,
நாலு வீடு தள்ளிப் போய்த் தன் பெயரைச் சொல்லும்.
இங்கே
கரி சுவரில் படிந்தது.
படியாதது மூச்சில் போனது.

வால்வை மூடினேன்.

தோஹாவிலிருந்து வீடியோவில் அவர் கணவர்:
"மணம் ஒண்ணும் இல்லையே வோய், பின்ன எங்க லீக்கு?"
லீக் இல்லை. எரிகிறது. சரியாக எரியவில்லை.
"அப்பம் மாட்டினவன் எவன்?"

ஹீட்டரின் இடது விலாவில் ஸ்டிக்கர்.
கடைப் பெயர், தேதி, கையெழுத்து.
கடைசி எழுத்தின் வால் நீண்டு கீழே சுருள்கிறது.
என்னுடையது.

வெளியே மாட்டலாம் என்று அன்றைக்குச் சொன்னேன்.
சொன்னேனா?
முன்பக்க அழகு போய்விடும் என்றார்கள்.
புகைக்குழாய்க்கு எண்ணூறு ஆகும் என்றேன்,
அது பிறகு பார்க்கலாம் என்றார்கள்.
காப்பியும் ஏத்தங்காய் உப்பேரியும் வந்தது.
ஸ்டிக்கர் ஒட்டினேன்.

"நான்தான்," என்றேன் திரையைப் பார்த்து.
அங்கே படம் உறைந்து நின்றது,
கேட்டதோ இல்லையோ.

பிளாஸ்டிக்கை அறுத்ததும் மழை முகத்தில் அடித்தது.
மகள் வாசலில் நின்றாள், தலையில் ஈரத்துண்டு.
"அப்பம் நான் இனி எங்க குளிக்க?"
அடுப்பில் வெந்நீர் வை, ரெண்டு நாள், என்றேன்.
கூலி வாங்கவில்லை. அதில் பெருமை ஒன்றுமில்லை.

மார்த்தாண்டம். அறை. இரவு ஏழரை.
பழைய நோட்டில் நாற்பத்தொரு எண்கள்:
கருங்கல், குழித்துறை, குலசேகரம், திருவட்டார்.
எத்தனை உள்ளே, எத்தனை வெளியே என்று எழுதி வைக்கவில்லை.

முதல் எண் அணைந்திருந்தது.
இரண்டாவது, "சர்வீஸ் ஒண்ணும் வேண்டாம்", வைத்துவிட்டார்கள்.
மூன்றாவதை ஒரு சின்னப் பையன் எடுத்தான்.
அப்பா எங்கே மக்களே?
"குளிச்சிட்டு இருக்காவ. பொறவு கூப்பிடுங்க."
எவ்வளவு நேரமா?
டிவி சத்தம். அதற்குப் பின்னால்
விழுந்துகொண்டே இருக்கும் தண்ணீர்.
"தெரியல்ல."

போனை வைக்காதே, என்றேன்.
போய்க் கதவைத் தட்டு.
எனக்குக் கேட்கிற மாதிரி தட்டு.